மாசி முதல் சித்திரை வரை கொங்கு நாட்டில் பறவை பார்த்தலும் குளத்துச் சேவையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் குளத்துக்கரைக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலையும் சேர்த்து வைத்திருக்கிறேன். ஒரு இடத்தில் சொன்னதை மறுபடி சொல்லாமல் கேள்வி எண்ணை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

1. தை முடிஞ்சா வெளிநாட்டுப் பறவையெல்லாம் போயிரும்னு சொல்றாங்க. அப்புறம் மாசி, பங்குனியில வந்து என்னத்தப் பாக்கறதுங்க?

போவது உண்மைதான். ஆனால் ஒரே நாளில் போய்விடுவதில்லை. நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, தட்டைவாயன் போன்ற வாத்துகள் மாசியிலும் பங்குனியிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். கிளம்புவதற்கு முன் விடாமல் மேய்ந்து உடம்பில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளும். அந்தக் கொழுப்பை நம்பித்தான் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறக்கின்றன. திருப்பூர் நஞ்சராயன் குளத்துக்கு வரும் வரித்தலை வாத்து இமயமலையைத் தாண்டி, திபெத், மங்கோலியாப் பக்கம் போய்த்தான் முட்டையிடுகிறது. அதனால் மார்கழியில் பறவையைத் தொந்தரவு செய்வதைவிடப் பங்குனியில் செய்வது பெரிய கெடுதல்.

நிறம் மாறுவதையும் இப்போதுதான் பார்க்க முடியும். குளிர்காலம் முழுக்க மங்கலாகத் திரிந்த மஞ்சள் வாலாட்டி, ஊருக்குக் கிளம்பும் நேரத்தில் பளிச்சென்று மஞ்சளாகும். சூறைக்குருவியின் ரோஸ் நிறம் கூடிக்கொண்டே போகும். ஆண் ஊதாத் தேன்சிட்டு கருநீலமாக மின்னும். சித்திரை, வைகாசியில் உண்ணிக்கொக்கின் தலையும் கழுத்தும் ஆரஞ்சு ஏறும், மடையானின் முதுகு கருஞ்சிவப்பாகும். குயில் விடியும் முன்பே கூவ ஆரம்பித்துவிடும். நல்ல மழை பெய்த வருடமென்றால் ஈரோட்டுப் பக்கம் வெள்ளோடு பறவைகள் சரணாலயத்தில் கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, நீர்க்காகம் இவற்றின் வளர்ந்த குஞ்சுகள் தாய்ப்பறவையின் வாய்க்குள் தலையை விட்டு இரை தின்பதையும் பார்க்கலாம். என்னைக் கேட்டால், புதிதாகப் பழகுகிறவருக்குத் தையைவிடப் பங்குனிதான் நல்ல மாதம்.

2. பைனாகுலர் இல்லாம வந்தா பிரயோஜனம் இருக்குமுங்களா?

தாராளமாக இருக்கும். கொக்கு, நாரை, நாமக்கோழி, மீன்கொத்தி, ஆள்காட்டி எல்லாம் வெறுங்கண்ணுக்கே தெரியும். முதல் சில வாரம் அப்படிப் பார்ப்பது நல்லதும்கூட. நடை, பறக்கும் விதம், குரல் எல்லாம் மனதில் பதியும்.

வாங்குவதென்றால் 8×42 என்று போட்டிருப்பதை வாங்குங்கள். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், வெளிச்சமும் போதுமான அளவு உள்ளே வரும். 20 மடங்கு, 30 மடங்கு என்று விற்பதை வாங்காதீர்கள். கை நடுக்கத்தில் எதுவும் நிற்காது. வாங்கும் முன் குழுவில் யாருடையதையாவது வாங்கிக் கண்ணில் வைத்துப் பாருங்கள். கேட்டால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள்.

3. முதல்ல எந்தக் குளத்துக்குப் போறதுங்க? பேர் பெத்த இடமாச் சொல்லுங்க.

திருப்பூர்க்காரர்களுக்கு ஊத்துக்குளி சாலையில் நஞ்சராயன் குளம். 2022-ல் தமிழ்நாட்டின் 17-ஆவது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, 2024-ல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான நீர்நிலைகளின் பட்டியலில், சேர்ந்தது. ஈரோட்டுக்காரர்களுக்குச் சென்னிமலை வழியில் வெள்ளோடு. அது 2022-லேயே ராம்சார் பட்டியலுக்கு வந்துவிட்டது. கோவையில் சிங்காநல்லூர் குளம், உக்கடம் பெரியகுளம், சூலூர், கண்ணம்பாளையம், பேரூர்ப் பக்கத்துக் குளங்கள் என்று நொய்யலை ஒட்டி வரிசையாக இருக்கின்றன. சிங்காநல்லூர் குளத்தை 2017-ல் மாநகராட்சி நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக அறிவித்தது.

பேர் பெற்ற இடத்துக்கு ஒன்றிரண்டு தடவை போய்ப் பழகிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு உங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் போகக்கூடிய ஒரு குளமோ குட்டையோ பள்ளமோ பிடித்துக்கொண்டு, வாரா வாரம் அதற்கே போங்கள். வெள்ளோட்டில் என்ன இருக்கிறது என்று எழுதி வைக்க நிறையப் பேர் இருக்கிறார்கள். உங்கள் ஊர்க் குட்டையில் போன வருடம் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. அது மூடப்படும்போது, "இங்கே என்ன பறவை இருந்தது?" என்ற கேள்விக்குக் கையில் பதில் இருக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

4. எந்நேரத்துக்குப் போகணும், என்ன எடுத்துட்டுப் போகணும்?

காலை ஆறு முதல் ஒன்பது வரை. பங்குனி வெயிலில் பத்து மணிக்கு மேல் பறவையும் ஒதுங்கிவிடும், நமக்கும் தாங்காது. மாலை நாலரைக்குப் பிறகு போனால் அடைய வரும் கூட்டங்களைப் பார்க்கலாம். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கிற கரையில் நில்லுங்கள். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்புத்தான்.

மங்கலான நிறத்தில் சட்டை, தொப்பி, தண்ணீர், சின்ன நோட்டு, பேனா. செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். கோடையில் குளத்தோரப் புல்லில் பாம்பு இருக்கும்.

5. எனக்கு எல்லாம் கொக்காத்தாங்க தெரியுது. எப்படிப் பேர் கத்துக்கறது?

புத்தகத்தின் முதல் பக்கத்திலிருந்து படிக்காதீர்கள். உங்கள் குளத்தில் தினமும் இருக்கிற பதினைந்து பறவைகளை முதலில் கற்றுக்கொள்ளுங்கள். வெள்ளைக் கொக்குகளில் மூக்கும் காலும் பாருங்கள். கறுப்பு மூக்கு, கறுப்புக் கால், ஆனால் பாதம் மட்டும் மஞ்சள் என்றால் சின்னக் கொக்கு. மூக்கு மஞ்சள், உருவம் குட்டை, மாட்டுக்குப் பின்னாலேயே திரிகிறது என்றால் உண்ணிக்கொக்கு. கழுத்து நீண்டு வளைந்து, மற்றவற்றைவிட நன்றாக உயரமாக நின்றால் பெரிய கொக்கு. உட்கார்ந்திருக்கும்போது பழுப்பு, பறந்தால் திடீரென்று வெள்ளை என்றால் மடையான். சில ஊர்களில் அதைக் குருட்டுக்கொக்கு என்பார்கள்.

தண்ணீரில் மிதக்கும் கறுப்புப் பறவைக்கு நெற்றியில் வெள்ளை நாமம் இருந்தால் நாமக்கோழி. நெற்றி சிவப்பாக, அலகு நுனி மஞ்சளாக இருந்தால் தாழைக்கோழி. உடம்பே நீலமாக இருந்து கோரைக்குள் நடந்தால் நீலத் தாழைக்கோழி. உடம்பு முழுக்கத் தண்ணீருக்குள், கழுத்து மட்டும் பாம்பு மாதிரி வெளியே தெரிந்தால் பாம்புத்தாரா. வாத்து என்று நினைத்த குட்டிப் பறவை சட்டென்று முங்கி வேறு இடத்தில் எழுந்தால் முக்குளிப்பான். சேற்றுக்கரையில் இரை தேடும் உள்ளான்களின் பெயரைக் கற்க முதல் வருடத்தில் முயலவே வேண்டாம். அவை பழகியவர்களையே குழப்பும்.

உங்கள் ஊர்ப் பெரியவர்களிடமும் கேளுங்கள். ஆடு மேய்க்கிறவர்கள், மீன் பிடிக்கிறவர்கள் எந்தப் பறவை எப்போது வரும், எங்கே முட்டையிடும் என்று நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள். அவர்கள் சொல்லும் பெயரையும் நோட்டில் எழுதுங்கள்.

6. போன்ல ஆப் போட்டா அதுவே சத்தத்தக் கேட்டுப் பேர் சொல்லிருமாமே?

மெர்லின் என்ற செயலி சொல்லும். இலவசம்தான். ஆனால் அது சொல்வதைத் துப்பாக எடுத்துக்கொண்டு, பறவையைக் கண்ணால் பார்த்துவிட்டு எழுதுங்கள். கரிச்சான் மற்ற பறவைகளைப் போலவே நன்றாகக் குரல் கொடுக்கும், அதில் செயலி ஏமாறும்.

பார்த்ததைப் பதிய இ-பேர்டு என்ற இன்னொரு செயலி இருக்கிறது. கிளம்பிய நேரம், நடந்த தூரம், பறவை, எண்ணிக்கை எல்லாம் அதில் ஏறும். உலகம் முழுக்க ஆய்வாளர்கள் அந்தத் தரவைப் பயன்படுத்துகிறார்கள். 3-ஆம் கேள்வியில் சொன்ன ஊர்க் குட்டையை அதில் ஒரு இடமாகப் பதிந்து, ஒவ்வொரு வாரமும் ஒரு பட்டியல் போட்டு வந்தால் அதுவே பெரிய சேவை. அதற்கு யாரிடமும் சேர வேண்டியதில்லை.

7. தன்னார்வலராச் சேரணும்னா யார்கிட்டக் கேக்கறது? பறவை பேர் தெரிஞ்சாத்தான் சேத்திக்குவாங்களா?

வனத்துறை வருடா வருடம் மாநிலம் முழுக்க ஒருங்கிணைந்த பறவைகள் கணக்கெடுப்பு நடத்துகிறது. நீர்ப்பறவைகளுக்கு ஒரு கட்டம், நிலப்பறவைகளுக்கு ஒரு கட்டம். 2025-ல் இரண்டுமே மார்ச்சில் நடந்தன. உங்கள் மாவட்ட வன அலுவலகத்திலோ பக்கத்து வனச்சரக அலுவலகத்திலோ முன்கூட்டியே பெயர் கொடுத்து வையுங்கள். ஒவ்வொரு குழுவிலும் பெயர் தெரிந்தவர் ஒருவர் இருப்பார், மீதிப் பேர் எண்ணுவதற்கும் எழுதுவதற்கும் தேவை. அந்த எழுதுகிற வேலையில்தான் பலரும் பறவை கற்றுக்கொள்கிறார்கள்.

தனியாக நடக்கும் கணக்கெடுப்புகளும் உண்டு. 2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் நாட்களில் ஒன்று, பிப்ரவரியில் நாலு நாள் உலகம் முழுக்க ஒன்று, மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை இன்னொன்று. பிப்ரவரிக் கணக்குக்கு உங்கள் வீட்டு மொட்டை மாடியில் பதினைந்து நிமிடம் நின்று பார்த்து எழுதினாலே போதும். குழுவாகச் சேர விரும்பினால் திருப்பூர் இயற்கைக் கழகம், கோவை இயற்கைக் கழகம், சேலம் பறவையியல் கழகம், கோவைக் குளங்கள் பாதுகாப்பு அமைப்பு என்று அந்தந்தப் பக்கம் நல்ல அமைப்புகள் இருக்கின்றன.

8. கணக்கெடுப்புல எப்படிங்க எண்ணறது? அது பாட்டுக்குப் பறந்துட்டே இருக்குமே.

முதலில் கரையில் அசையாமல் ஐந்து நிமிடம் நில்லுங்கள். நாம் வந்ததால் எழுந்தவை மறுபடி இறங்கட்டும். பிறகு குளத்தை மனதுக்குள் பாகமாகப் பிரித்துக்கொண்டு, ஒரு முனையில் ஆரம்பித்து ஒரே திசையில் எண்ணிக்கொண்டு போங்கள், திரும்பி வரக்கூடாது. ஒருவர் எண்ணட்டும், இன்னொருவர் எழுதட்டும். எண்ணுகிறவர் கண்ணை எடுத்தால் இடம் தவறிவிடும்.

கூட்டம் பெரிதாக இருந்தால் பத்துப் பறவையை ஒவ்வொன்றாக எண்ணி, அது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பாருங்கள். அந்த அளவைக் கூட்டத்தின் மேல் வைத்து வைத்து நகர்த்துங்கள். மாலையில் அடைய வரும் சூறைக்குருவிக் கூட்டத்துக்குப் பத்து போதாது, நூறாகத்தான் எண்ண வேண்டும். இருவர் எண்ணினால் கொஞ்சம் வித்தியாசம் வரத்தான் செய்யும், பரவாயில்லை. "நிறைய" என்று எழுதுவதைவிடச் "சுமார் 300" என்று எழுதுவது ஆயிரம் மடங்கு உபயோகம்.

பெயர் தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதவே எழுதாதீர்கள். "வாத்து, இனம் தெரியவில்லை, 12" என்பது நேர்மையான பதிவு. பக்கத்தில் இருப்பவர் ஆசையாகச் சொன்னார் என்பதற்காக அபூர்வப் பறவையைச் சேர்த்துவிட்டால், அடுத்த பத்து வருடம் அந்தத் தப்பு பட்டியலில் உட்கார்ந்திருக்கும். தண்ணீர் எவ்வளவு இருந்தது, கரையில் சேறு தெரிந்ததா, சாக்கடை வந்ததா என்பதையும் இரண்டு வரி எழுதுங்கள். பறவை ஏன் குறைந்தது என்று பின்னால் யோசிக்கும்போது அந்த இரண்டு வரிதான் கைகொடுக்கும். பறவையே இல்லை என்றால் இல்லை என்றும் பதிய வேண்டும்.

9. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளக் கூட்டிட்டு வரலாமுங்களா?

கண்டிப்பாக. பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவர், ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். பெயர் மனப்பாடம் செய்ய வைக்காமல், "அந்தப் பறவை என்ன செய்கிறது?" என்று பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். தண்ணீர் ஓரத்துக்கு விடாதீர்கள். தூர்வாரிய குளங்களில் கரையை ஒட்டியே ஆழம் இருக்கும்.

10. எங்க குளத்துல ஆகாயத்தாமரை அடைச்சுக் கெடக்குது. லீவு நாள்ல ஆளச் சேத்தி முழுசா வாரிப் போட்டறலாமுங்களா?

முழுசாக வேண்டாம். ஆகாயத்தாமரை தென் அமெரிக்காவிலிருந்து வந்த களை. குளத்தை மூடி, வெளிச்சத்தையும் உயிர்க்காற்றையும் தடுத்து மீனைக் கொல்லும் என்பதெல்லாம் சரி. ஆனால் அதோடு சேர்ந்து கோரை, அல்லி, சம்பு எல்லாவற்றையும் வழித்து எடுத்துவிடுகிறார்கள். இலைக்கோழி, தாழைக்கோழி, முக்குளிப்பான் எல்லாம் மிதக்கும் செடியிலும் கோரையிலும்தான் முட்டையிடும். அதனால் முதல் நாள் யாராவது ஒருவர் நின்று பார்த்து, கூடு இருக்கும் பக்கத்தைக் குச்சி நட்டு ஒதுக்குங்கள். ஆகாயத்தாமரையை மட்டும் பகுதி பகுதியாக எடுங்கள். எடுத்ததைக் கரை மேலேயே குவித்தால் மழைக்கு மறுபடி உள்ளே போய்விடும், தள்ளிக் கொண்டுபோய்ப் போட வேண்டும்.

அப்புறம், அது ஏன் வளர்கிறது என்று பாருங்கள். சாக்கடைத் தண்ணீரில் இருக்கும் சத்தைத் தின்றுதான் அப்படிக் கொழிக்கிறது. சாக்கடை வாயை அடைக்காமல் வாரிக்கொண்டே இருந்தால் அடுத்த மாசிக்கும் இதே வேலைதான். வாருவதற்கு ஆள் சேர்க்கும்போதே, சாக்கடை எங்கே கலக்கிறது என்று படத்தோடு உள்ளாட்சிக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மனு எழுத இரண்டு பேரை ஒதுக்குங்கள்.

குளத்தை "அழகுபடுத்தும்" போதும் இதையேதான் சொல்வேன். உள்ளானுக்கும் அரிவாள் மூக்கனுக்கும் நெடுங்கால் உள்ளானுக்கும் கணுக்கால் அளவுத் தண்ணீரும் சேறும் வேண்டும். கரையை நேராக வெட்டி, கல் பதித்து, உள்ளே ஆழமாகத் தோண்டிவிட்டால் அவை இறங்க இடமே இல்லை. பார்க்க அசிங்கமாக இருக்கும் அந்தச் சேற்றுக்கரையில்தான் புழுவும் நத்தையும் இருக்கின்றன. மனு எழுதும்போது ஒரு பக்கக் கரையையாவது சரிவாக, சேறாக விடச் சொல்லிக் கேளுங்கள்.

11. முள்ளுமரமாக் கெடக்குதுங்க. வெட்டிப் போட்டு நல்ல மரமா வெக்கறதுதானே சேவை?

எந்த முள்மரம் என்று முதலில் பாருங்கள். நாட்டுக் கருவேலம் நம் மரம், தண்ணீருக்குள் நின்றாலும் தாங்கும். வெள்ளோட்டில் ஏரிக்குள் நிற்கும் முள்மரங்களில்தான் கூடுகள் நெருங்கி இருக்கின்றன. முள் இருப்பதால் பூனையும் மனிதனும் ஏற மாட்டார்கள் என்பது பறவைக்குத் தெரியும். சீமைக் கருவேலம் வெளியிலிருந்து வந்தது, அதை எடுக்க வேண்டியதுதான். அதிலும் கூடு இருக்கும் மரத்தைக் குஞ்சு பறக்கும் வரை விடுங்கள். குளத்துக்குள் வேறு மரமே இல்லையென்றால், நாட்டுக் கருவேலம், நீர்மருது, நாவல் நட்டு அவை வளர்ந்த பிறகு சீமையை எடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் பொக்லைன் விட்டுப் பிடுங்கினால் அந்த வருடம் பறவைக்கு அடைய இடம் இருக்காது.

மரம் நடுவதே தப்பாகும் இடமும் உண்டு. அது அடுத்த கேள்வி.

12. கொறங்காட்டுல வெறும் புல்லும் வேலாமரமுந்தான் இருக்குது. அங்க என்னங்க பறவை இருந்திறப் போகுது?

இந்தக் கேள்வியைக் காங்கேயம், தாராபுரம், வெள்ளகோவில்காரர்களே கேட்கும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். கொறங்காடு நம் முன்னோர் காங்கேயம் மாட்டுக்காகப் பரம்பரை பரம்பரையாகக் காத்த மேய்ச்சல் நிலம். கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். அந்த அமைப்பை நம்பியே ஒரு பறவைக் கூட்டம் வாழ்கிறது. கௌதாரி, காடை, வானம்பாடி, ஆள்காட்டி, கல்கௌதாரி எல்லாம் தரையிலேயே முட்டையிடும். பனங்காடை வேலி மேல் உட்கார்ந்து வெட்டுக்கிளி பிடிக்கும். கொண்டலாத்தி, பஞ்சுருட்டான், கரிச்சான் எல்லாம் மாட்டுக்குப் பின்னாலேயே இருக்கும். வடக்கிலிருந்து வரும் பூனைப்பருந்துகள் குளிர்காலம் முழுக்கப் புல்லுக்கு மேலே தாழப் பறந்து வேட்டையாடிவிட்டு, பங்குனி வாக்கில் திரும்பிப் போகும். அவை ராத்திரி தங்குவதும் புல்தரையில்தான், மரத்தில் இல்லை.

அதனால் கொறங்காட்டில் நெருக்கமாக மரம் நட்டுக் காடாக்குவது, அங்கே இருப்பதை அழிப்பதாகத்தான் முடியும். புல்வெளிப் பறவைக்கு நாலு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் வெளி வேண்டும். கன்று நட வரும் அமைப்புகளிடம் இதைப் பொறுமையாகச் சொல்லி, ஊர்ச் சாலை ஓரத்துக்கோ குளக்கரையின் வெளிப்பக்கத்துக்கோ கூட்டிப் போங்கள்.

பங்குனி, சித்திரையில் கொறங்காட்டுக்குள் நடக்கும்போது தடத்தை விட்டு இறங்காதீர்கள். ஆள்காட்டியின் முட்டை சரளைக்கல் நிறத்தில் சரளைக்கல்லுக்கு நடுவிலேயே கிடக்கும், மிதித்த பிறகுதான் தெரியும். அது தலைக்கு மேலே கத்திக்கொண்டு சுற்றினால் முட்டையோ குஞ்சோ பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம், வந்த வழியே திரும்புங்கள். நாயைக் கூட்டிப் போகாதீர்கள். இது தோட்டத்துக்காரர்களின் சொந்த நிலம், கேட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கேட்டால் பெரும்பாலும் மோர் கொடுத்து அனுப்புவார்கள்.

13. குஞ்சு ஒண்ணு கீழ விழுந்து கெடந்துச்சுங்க. எடுத்து வளக்கலாமா? மனுசக் கை பட்டா தாய் சேத்தாதாமே?

கை பட்டால் சேர்க்காது என்பது உண்மையில்லை. இறகு முளைத்து, தத்தித் தத்திப் போகிற குஞ்சு என்றால் அது விழவே இல்லை, பறக்கப் பழகுகிறது. தாய் பக்கத்தில்தான் இருக்கும். பூனை, நாய் எட்டாத உயரத்தில் ஒரு செடியில் வைத்துவிட்டுத் தள்ளிப் போங்கள். இறகே இல்லாத குஞ்சு என்றால், கூடு எட்டுமானால் திரும்ப வையுங்கள்.

பால் ஊற்றாதீர்கள், வாய்க்குள் தண்ணீர் சொட்டாதீர்கள், மூச்சுக்குழலில் போய்விடும். அடிபட்டிருந்தால் ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் இருட்டாக வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். நம் நாட்டுப் பறவையை வீட்டில் வைத்து வளர்ப்பது 1972-ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பச்சைக்கிளிக்கும் இதேதான்.

14. வாசல்ல தண்ணி வெக்கறோம், அரிசி போடறோமுங்க. இதுவும் சேவைதானே?

தண்ணீர் வைப்பது நல்லது. அகலமான மண் தட்டு, இரண்டு விரல் ஆழம், நடுவில் ஒரு கல். தினமும் கழுவி மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் கொசுவும் நோயும் வரும். தானியம் போட்டால் புறாவும் காகமும்தான் பெருகும். இடம் இருந்தால் கல்யாண முருங்கை, செம்பருத்தி, சங்குப்பூ வையுங்கள். தேன்சிட்டும் தையல்சிட்டும் தானாக வரும். வீட்டுப் பூனையைக் காலையில் வெளியே விடாமல் வைத்திருந்தால் அது எல்லாவற்றையும்விடப் பெரிய உபகாரம்.

15. தூரமா நின்னு கூட்டப் போட்டோ எடுத்தா என்னங்க தப்பு?

தாய் உங்களைப் பார்த்துக் கூட்டை விட்டு எழுந்துவிட்டால், அந்தத் தூரம் போதவில்லை. சித்திரை வெயிலில் முட்டை பத்து நிமிடம் திறந்து கிடந்தாலே வெந்துபோகலாம். காகம் மனிதனைக் கவனித்துக்கொண்டே இருக்கும், நாம் நின்ற இடத்தை நாம் போன பிறகு வந்து தேடும். மறைவாக இருக்கிறது என்று கிளையை ஒடித்து வழி செய்துவிட்டுப் படம் எடுப்பது கூட்டைக் காட்டிக்கொடுப்பதுதான். கூடு கட்டும் காலத்தில் கூட்டைப் படம் எடுக்கவே வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

போனில் பறவையின் குரலைப் போட்டு அழைப்பதும் வேண்டாம். எதிரி வந்துவிட்டான் என்று ஆண்பறவை இரை தேடுவதை விட்டுவிட்டு அலையும். ஆந்தை, அபூர்வப் பறவை இவற்றின் இடத்தைச் சரியாகக் குறிப்பிட்டுப் பகிராதீர்கள், மாவட்டம் பெயர் மட்டும் போதும்.

16. மயில் எங்க தக்காளி, நிலக்கடலை எல்லாத்தையும் கொத்திப் போடுது. அதப் பத்தி உங்க பறவைக்காரங்க பேசுவீங்களா?

பேசத்தான் வேண்டும். நட்டம் உண்மை, விவசாயியின் கோபமும் நியாயமானது. 1963-ல் தேசியப் பறவையாக அறிவிக்கப்பட்ட மயில், வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லி விவசாயியின் வாயை அடைப்பது தன்னார்வலரின் வேலையில்லை. மயில் பெருகியதற்குக் காரணங்கள் இருக்கின்றன. தரிசாய்க் கிடக்கும் நிலங்களில் சீமைக் கருவேலம் மண்டி அதற்கு ஒளிய இடம் ஆனது. அதன் முட்டையையும் குஞ்சையும் தின்னும் நரி கொங்குச் சமவெளியில் அரிதாகிவிட்டது.

விஷம் கலந்த தானியம் வைப்பதை மட்டும் எப்படியாவது தடுக்கப் பாருங்கள். அது மயிலோடு நிற்காது, கௌதாரி, புறா, செத்ததைத் தின்னும் நாய் என்று போய்க்கொண்டே இருக்கும். பழைய சேலையைச் சுற்றிக் கட்டுவது, முளைக்கும் பருவத்திலும் காய்க்கும் பருவத்திலும் காலை மாலை காவலுக்கு நிற்பது ஆகியவை ஓரளவு பலன் தரும். குழுவில் இளைஞர்கள் இருந்தால் அந்தப் பத்து நாள் காவலுக்குக் கைகொடுங்கள். குளத்துக்காக நாளைக்கு ஊர் ஆதரவு கேட்கப் போகும்போது நம் பேச்சைக் கேட்பார்கள்.

17. டாப்சிலிப், வால்பாறை, சத்தியமங்கலம் காட்டுக்குள்ள போய்ச் சேவை செய்ய முடியுமுங்களா?

அனுமதி இல்லாமல் முடியாது, இந்த மாதங்களில் இன்னும் கடினம். மாசி முதல் சித்திரை வரை காட்டுத்தீக் காலம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கி உயிரிழந்ததை மறந்துவிடக் கூடாது. வனத்துறை கூப்பிடும் கணக்கெடுப்புக்கும் தீத்தடுப்பு வேலைக்கும் மட்டும் போங்கள். ஆனைமலையில் இருவாச்சி கூடு வைக்கும் காலமும் இதுதான். பெண் பறவை பெரிய மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொண்டு, ஒரு சிறு பிளவு வழியாக ஆண் கொண்டுவரும் அத்திப்பழத்தை நம்பி வாரக்கணக்கில் உள்ளேயே இருக்கும். அந்த ஆண்பறவையை நாம் கூட்டமாகப் போய் மிரட்டினால் உள்ளே இருப்பவை பட்டினிதான்.

காட்டுக்குப் போகாமலே ஒரு வேலை செய்யலாம். மாயாற்றுப் பள்ளத்தாக்கில் கழுகுகள் இன்னும் இருக்கின்றன, நம் ஊர்ப்பக்கம் பாறு என்றும் பிணந்தின்னிக் கழுகு என்றும் சொல்வது. மாட்டுக்கு வலிக்குப் போட்ட டைக்ளோபினாக், செத்த மாட்டின் உடம்பில் தங்கி, அதைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்துத்தான் இந்தியா முழுக்க அவை பெரும்பாலும் அழிந்தன. 2006-ல் கால்நடைக்கு அது தடை செய்யப்பட்டது. கீட்டோபுரோபென், அசிக்ளோபினாக் இரண்டும் 2023-ல் தடை செய்யப்பட்டன. உங்கள் வீட்டு மாட்டுக்கு ஊசி போடும்போது கழுகுக்குக் கெடுதல் இல்லாத மெலாக்சிகாம் போடச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். சத்தி, தாளவாடி, பவானிசாகர்ப் பக்கம் இருப்பவர்கள் சொந்தக்காரர்களிடமும் சொல்லுங்கள்.

18. குப்பை பொறுக்கற அன்னைக்கு அம்பது பேர் வந்தாங்க, அடுத்த மாசம் நாலு பேரு. எப்படிங்க நடத்தறது?

நாலு பேரை வைத்து நடத்துங்கள். மாதத்தில் ஒரே ஞாயிறு, ஒரே நேரம், ஒன்றரை மணி நேரம் என்று மாற்றாமல் வையுங்கள். குப்பையை யார் எடுத்துப் போவார்கள் என்று உள்ளாட்சியில் பேசி முடிக்காமல் பொறுக்க ஆரம்பிக்காதீர்கள். மூட்டையாகக் கட்டிக் கரையில் வைத்ததை அன்றைக்கே நாய் கிழித்துவிடும். முதலில் எடுக்க வேண்டியது அறுந்த தூண்டில் நரம்பும் பழைய வலையும். பாட்டில் பார்வைக்குத்தான் அசிங்கம், நரம்பு காலில் சுற்றினால் பறவை செத்தே போகும். பறவைகள் அடைந்திருக்கும் பக்கத்துக்குக் கூட்டமாகப் போகாதீர்கள், மைக் செட் வேண்டவே வேண்டாம்.

19. குளத்துல திடீர்னு பறவைங்க செத்து மிதக்குதுங்க. என்ன பண்றது?

கோடையில் தண்ணீர் வற்றிச் சூடேறி, செடியும் மீனும் அழுகும்போது அதில் வளரும் கிருமியின் விஷத்தால் நீர்ப்பறவைகள் சாவதுண்டு. கழுத்தைத் தூக்க முடியாமல், கால் இழுத்துக்கொண்டு கரையில் கிடக்கும். பூச்சிமருந்தாகவும் இருக்கலாம், சாயக்கழிவாகவும் இருக்கலாம், பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். பார்த்து மட்டும் சொல்ல முடியாது, சோதனை செய்தால்தான் தெரியும்.

எதையும் கையால் தொடாதீர்கள். பிள்ளைகளையும் நாயையும் மாட்டையும் தள்ளி நிறுத்துங்கள். நேரம், இடம், எந்தப் பறவை எத்தனை, தண்ணீரின் நிறம், நாற்றம் எல்லாம் குறித்துப் படம் எடுத்து, வனச்சரக அலுவலகத்துக்கும் கால்நடை மருத்துவமனைக்கும் அன்றைக்கே சொல்லுங்கள். அவர்கள் வந்து மாதிரி எடுக்கும் வரை புதைக்கவோ எரிக்கவோ வேண்டாம். மீனும் செத்திருந்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் தகவல் போக வேண்டும். உங்கள் பழைய வாராந்தரப் பட்டியல்களை நகல் எடுத்து மனுவோடு சேர்த்துக் கொடுங்கள்.